நடைக்கல்லில் வெள்ளை வழுக்கல்

உலகச் சண்டைக் காலத்தில் நாங்கள் சோற்றுக்கடை வைத்திருந்தது, சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையோரத்தில். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகக் கடைகள். தையல்காரர், மளிகைக்காரர், வாடகை சைக்கிள் விடுகிறவர், கடைசியில் சந்துமுனையில் நாங்கள். கட்டடம் முழுக்க ஒருவருக்குச் சொந்தம். கடைகளுக்கு முன்னால் சாக்கடை ஓடியது. அதன்மேல் பலகைக்கல் போட்டு மூடியிருந்தார்கள். சாலையில் வண்டியும் மாடும் போகும். ஜனங்கள் அந்தக் கல்மேல்தான் நடப்பார்கள். நடைக்கல் என்று சொல்வோம். சந்தைக்கு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், தலையில் கூடை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பாதை.

என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்ப்பார். நான் இலை போட்டுப் பரிமாறுவேன். அரிசி கிடைப்பது அரிதாக இருந்தது. பெரும்பாலும் களியும் கம்பஞ்சோறும்தான். அதுவும் இல்லாத நாளில் குச்சிக்கிழங்கை அவித்து, கடுகும் மிளகாயும் தாளித்து, அதையே சாப்பாடு என்று வைத்தோம். வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள். எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு.

கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் சண்டையால் நின்றுபோன பிறகு, இந்தக் கிழங்கிலிருந்து அவற்றை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். எங்கள் கடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மனையைக் கட்டட முதலாளி அப்படி ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அவர் அதற்கு முன் கடலைக்காய் வியாபாரம் செய்தவர். ஓலைக்கொட்டகை போட்டார், தொட்டிகள் கட்டினார். பட்டறை என்போம் அதை. பெண்கள் உட்கார்ந்து கிழங்கின் தோலைச் சீவுவார்கள். ஆணியால் ஓட்டை குத்திய தகரத்தில் கிழங்கைத் தேய்த்து, துணியில் பிழிந்து, வரும் பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

அந்தத் தண்ணீர் போவதற்கு எங்கள் கடைச் சுவரை ஒட்டிய சந்துதான் வழி. சந்து சாலையைப் பார்த்துச் சரிந்திருந்தது. தண்ணீர் வந்து சாக்கடையில் விழுந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் சாக்கடையின் வாயில் மண் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் நடைக்கல்மேல் பரவியது. என்னதான் தெளிந்த தண்ணீர் என்றாலும் அதில் மாவு இல்லாமல் போகாது. வெயிலில் காய்ந்ததும் கல்லெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாக இருக்கும். காய்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மறுபடி தண்ணீர் பட்டதும் விளக்கெண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும்.

முதலில் சிரித்துக்கொண்டு போனோம். தையல்காரர் ஒருநாள் துணி மூட்டையோடு வழுக்கி, எங்கள் கடைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மிணி, உங்க கடைத் தூணு இல்லாட்டி நா நேரா நாமக்கல்லுதான் போயிருப்பேன்," என்றார். எல்லாரும் சிரித்தோம். பட்டறைக்காரரும் சிரித்தார்.

எங்கள் கடைக்கு மோர் ஊற்றுகிற அம்மாள் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். பக்கத்துக் காட்டூரிலிருந்து பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். கை பிடிக்காமல் வருவார், பேசிக்கொண்டே வருவார், குடம் அசையாது. எங்களுக்கு ஊற்றியதுபோக மீதியைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விற்பார். என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று பட்டறையில் தொட்டியைக் கொஞ்சம் முன்னதாகவே திறந்துவிட்டிருந்தார்கள். நான் உள்ளே இலை அறுத்துக்கொண்டிருந்தேன். குடம் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் மோரும் கிழங்குத் தண்ணீரும் ஒன்றாய்க் கலந்து வெள்ளையாகக் கிடக்க, நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு கோணியிருந்தது. அவர் அழவில்லை.

"குடம் நசுங்கிப்போச்சா பாரு சாமி," என்றார்.

தூக்கப்போன என் வீட்டுக்காரரும் வழுக்கி முட்டிபோட்டார். பிறகு மளிகைக்காரர் கோணிச்சாக்கைக் கொண்டுவந்து விரித்து, அதன்மேல் நின்று அம்மாளைத் தூக்கினோம். சைக்கிள்காரர் வண்டி பிடித்து வந்தார். எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்து, பச்சிலை அரைத்துப் போட்டுக் கட்டினார். கட்டும்போது அம்மாள் என் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் கட்டட முதலாளியிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "அவங்கவங்க கடை முன்னால அவங்கவங்க சுத்தமா வெச்சுக்கோணும். குடி வரும்போதே சொன்னதுதானுங்க," என்றார். அப்படியே பட்டறைக்காரரிடம் வந்தோம். அவரோ, "நா சந்துலதான் உடறேன். கல்லு முனிசிபாலிட்டி கல்லு. அவங்க சாக்கடைய அள்ளியிருந்தா தண்ணி மேல வருமா?" என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாள் காலையில் தெருக்கூட்ட வந்தவரைக் கேட்டேன். "எனக்கு ரோட்டு வேலைங்கம்மா. கல்லு மேல கூட்டச் சொல்லி ஆரும் சொல்லலீங்க. சாக்கடை அள்றது வேற ஆளு," என்றார். அந்த வேறு ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை.

பட்டறைக்காரரிடம் எங்களால் உரத்துப் பேசவும் முடியவில்லை. அவருடைய வேலையாட்கள்தான் மத்தியானம் எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்கள். உடைந்த கிழங்கையும் அவர் எங்களுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். "நமக்கெதுக்கு வம்பு? நம்ம வாசல நாம கழுவிக்கலாம். அது பெரிய வேலையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பெரிய வேலையாகத்தான் இருந்தது. விடிந்ததும் அடுப்பில் கொதித்த தண்ணீரை அண்டாவோடு கொண்டுவந்து கல்லின்மேல் கொட்டினேன். சுடுதண்ணீர் எந்த அழுக்கையும் எடுக்கும் என்பது நம் பழக்கம். கல்லில் இருந்தது மாவு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கொட்டின மாத்திரத்தில் எல்லாம் வெந்து பசையாகிவிட்டது. நெசவுக்காரர்கள் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சுகிற கஞ்சி மாதிரி. வழியில் போனவர்களின் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு இரண்டடி போனபிறகுதான் திரும்பிப் பார்த்தார். தையல்காரர் கடைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் எனக்குத் தோள் கழன்றுவிட்டது.

பிறகு சாம்பலைப் போட்டுப் பார்த்தேன். அது மாவோடு சேர்ந்து குழம்பி இன்னும் வழுக்கியது. அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்பக்கம் பெரிய உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து வரும் ஆவியில் வண்டியை ஓட்டுவார்கள். எங்கள் கடை முன்னால் நிறுத்தி உருளையைக் கிளறி, எரிந்ததும் எரியாததுமான கரித்துண்டுகளைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதை அள்ளி நடைக்கல்லில் தூவினேன். கால் நன்றாகப் பிடித்தது. ஆனால் தையல்காரர் தைத்து மடித்துவைத்த வெள்ளை வேட்டிகளின்மேல் யாரோ ஒருவரின் கறுப்புக் கால் பதிந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் சரியாக வந்தது பச்சைத்தண்ணீரும் ஓடை மணலும்தான். பச்சைத்தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தகரத்தை மடித்துச் செய்த சுரண்டியால் வழித்துத் தள்ளி, அதன்மேல் பருமணலைத் தூவ வேண்டும். ஊறாவிட்டால் வராது. மணலும் ஒருநாள்தான் நிற்கும். மறுநாள் அதன்மேலும் மாவு படிந்துவிடும். ஆகையால் தினமும் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் வாசலோடு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. தண்ணீர் சைக்கிள்கடை வரைக்கும் பரவியது. அவர் தன் பங்குக்கு மணல் கொண்டுவந்து கொடுத்தார். ஓடை அவர் வீட்டுப் பக்கம் இருந்தது.

அந்தச் சமயத்தில் லீவில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் எங்கள் கடையில் சாப்பிட வந்தார். பக்கத்து ஊர்க்காரர்தான். இத்தாலி தேசத்தில் சண்டையில் இருந்துவிட்டு வந்தவர். நான் கல்லை வழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அங்க மலைமேல ஊருங்கள்ல இதே மாதிரிதானுங்க. ராத்திரியெல்லாம் பஞ்சாட்டம் பனி விழுந்து கெடக்கும். காலையில கடைக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு பலகைய வெச்சு வழிச்சுட்டு இருப்பாங்க. இல்லீன்னா கல்லாட்டம் இறுகி, வர்றவன் போறவனெல்லாம் உழுந்துருவான்," என்றார்.

"ஆருங்க வழிப்பாங்க? சர்க்காரு ஆளா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அவங்கவங்க வாசல அவங்கவங்கதான்."

பட்டறைக்காரர் அப்போது எங்கள் கடை வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது நல்ல பேச்சாகக் கிடைத்தது. "கேட்டீங்களா அக்கா? வெள்ளைக்கார தேசத்துலயே அதான் வழக்கமாமா. கடைக்காரங்கதான் வழிக்கோணும்," என்றார்.

நான் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். என்றைக்கும் அவரிடம் அப்படிப் பேசினதில்லை. "அங்க அது வானத்துல இருந்து விழுகுதுங்ண்ணா. அதுக்கு ஆரப் போயிக் கேக்கறது? இங்க உங்க தொட்டியில இருந்தல்ல வருது," என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவருடைய வேலையாட்களும் அதில் இருந்தார்கள். அவர் எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் பட்டறை ஆட்கள் ஒருவரும் சாப்பிட வரவில்லை. கிளறி வைத்த களி அப்படியே இருந்தது. அடுத்த நாளும் வரவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே அவர்களுக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உடைந்த கிழங்கும் எங்களுக்கு வருவது நின்றது. என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "ஒலை கொஞ்சமா வெய்யலாம்," என்று மட்டும் சொன்னார். அது எனக்குத் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது. ஆனாலும் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. மோர் ஊற்றுகிற அம்மாள் கட்டுப்போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் கடை திறக்க வந்தால் நடைக்கல் ஈரமாக, சுத்தமாகக் கிடந்தது. மாவு ஒரு பொட்டு இல்லை. மணல்கூடத் தூவியிருந்தது. சைக்கிள்காரர் செய்திருப்பார் என்று நினைத்தேன். கேட்டபோது, "நானில்லீங்க. நீங்கதான்னு நெனச்சேன்," என்றார். மறுநாள் அடுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு இன்னும் சீக்கிரமாக வந்தேன். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. சந்துமுனையில் ஒரு பெண்பிள்ளை புடவையை முட்டிக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து கல்லை வழித்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, பட்டறைக்காரரின் மனைவி.

அந்த அம்மாளை நான் அதற்குமுன் இரண்டொரு தடவைதான் பார்த்திருந்தேன். தோல் சீவுகிற பெண்களை அவர்தான் பார்த்துக்கொள்வார். கொட்டகையை விட்டு வெளியே வரமாட்டார். அவர் கடைத்தெருவில் விளக்குமாறு பிடித்து நிற்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"நீங்க ஏனுங்க இதையெல்லாம்? வெய்ங்க, நா பாத்துக்கறேன்," என்றேன்.

அவர் நிமிராமலே, "எங்க ஊட்டுத் தண்ணி அக்கா. நாங்கதான வழிக்கோணும்," என்றார். வழித்துக்கொண்டே, "அந்த மோர்க்காரம்மா கையி தேவலைங்களா?" என்று கேட்டார்.

"கட்டு இன்னும் பிரிக்கலீங்க."

நானும் சுரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லில் ஆரம்பித்தேன். நான் கடையில் சொன்னதை வேலையாட்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டு அவர் வீட்டுக்காரரிடம் சண்டை போடவில்லையாம்; விளக்குமாற்றை மட்டும் எடுத்துக்கொண்டாராம்.

பட்டறைக்காரருக்கு இது தெரிய சில நாள் ஆனது. ஒரு காலை, வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். மளிகைக்காரர் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் மனைவியைத் தேடிக்கொண்டு சந்து வழியாக வந்தார். மனைவி நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் குனிந்து கல்லை வழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"என்ன பண்ணீட்டிருக்கற? உள்ள வா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இந்த ஒரு கல்லுதானுங்க. முடிச்சுட்டு வாரேன்."

"நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. நாலு பேரு நடக்கற எடந்தானுங்களே."

குரலில் கோபம் ஒன்றுமில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கல்லை முடித்தார், மணலை வாரித் தூவினார், விளக்குமாற்றை உதறிக்கொண்டு உள்ளே போனார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் அங்கேயே நின்றார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அடைத்துக் கிடந்த சாக்கடை வாயைப் பார்த்தார். அவருக்கு அது அடைத்திருப்பது முன்பே தெரியும். கிட்ட வந்து பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் தொட்டிகளைத் திறக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால், கல் உடைத்தெடுத்த பழைய பள்ளம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளம்வரைக்கும் வாய்க்கால் வெட்டச் சொல்லி ஆட்களை விட்டார். கொஞ்ச தூரத்திலேயே பாறை வந்துவிட்டது. ஆகையால் வேலை இழுத்துக்கொண்டே போனது. அந்த நாட்களில் தண்ணீரைத் தேக்கிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தில் விட்டார்கள். காலையில் நானும் பட்டறையம்மாவும் சேர்ந்துதான் வழித்தோம். அதிகம் பேசிக்கொள்ளமாட்டோம். ஆளுக்கொரு முனையில் ஆரம்பித்து நடுவில் சேருவோம். ஒருநாள் தங்கள் ஊர்க் கிணறு வற்றிப் போனதையும் கடலை வியாபாரம் நொடித்துப் போனதையும் சொன்னார். இந்தப் பட்டறையும் போய்விட்டால் தன் வீட்டுக்காரர் தாங்கமாட்டார் என்றார். அதைக் கேட்டபிறகு பட்டறைக்காரர்மேல் எனக்கிருந்த எரிச்சலில் பாதி குறைந்தது. மீதி அப்படியே இருந்தது.

வாய்க்கால் முடிந்து தண்ணீர் பின்பக்கம் போக ஆரம்பித்ததும் நடைக்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பழைய நிறத்துக்கு வந்தது. பள்ளத்தில் நின்ற தண்ணீர் புளித்து நாறியது. அதற்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு சத்தம் போட்டார்கள். அது தனிக்கதை. பட்டறை ஆட்கள் திரும்பவும் சாப்பிட வந்தார்கள். ஒரு மத்தியானம் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நான் இலை போட்டேன்.

மோர் ஊற்றுகிற அம்மாளின் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்தே சேர்ந்திருந்தது. குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க முடியவில்லை. யாராவது தூக்கி வைத்தால் சுமப்பார். இறக்கவும் ஆள் வேண்டும். சந்தையைச் சுற்றுவது இனிமேல் ஆகாது என்று ஆகிவிட்டது. எங்கள் கடையின் ஓரத்தில் அவருக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். அவருடைய மருமகள் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பட்டறையம்மா வந்து அவரைப் பார்த்தார். தோல் சீவுகிற பெண்கள் எல்லாருக்கும் தினமும் மத்தியானம் மோர் வேண்டும், அது இவரிடமிருந்துதான் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

அவர் போன பிறகு நான், "நல்ல மனசுங்க அந்தம்மாவுக்கு," என்றேன்.

மோர் அம்மாள் இடது கையால் மத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "நல்ல மனசுதான் சாமி. அதுக்காக இந்தக் கை நிமிருமா? நிமிராது. மோரு வாங்கறாங்க, ஊத்தறேன்," என்றார். அதில் கசப்பும் இல்லை, நன்றியும் இல்லை. உள்ளதைச் சொன்னார். கடைசிவரை அவர் பட்டறைக்காரரோடு பேசவே இல்லை. அவரும் சந்து வழியாக வரும்போது அந்த ஓரத்தைப் பார்க்காமல் போவார். ஆனால் மோருக்கு மட்டும் சொம்பு கொடுத்து அனுப்புவார்.

சண்டை முடிந்த பிறகும் ஜவ்வரிசிக்குக் கிராக்கி குறையவில்லை. பட்டறைக்காரர் ஊருக்கு வெளியே பெரிய இடம் வாங்கிப் போனார். போகிற அன்று பட்டறையம்மா எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, ஒரு தட்டு களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார். அந்த மனைக்கு மரம் அறுக்கிறவர்கள் வந்தார்கள். ஐப்பசி மழையில் நடைக்கல் பாசி பிடித்து வழுக்கத்தான் செய்தது. மரத்தூள் கிடைத்ததால் மணலுக்கு ஓடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. யார் வாசல் என்று அதன்பிறகு ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் முதலில் கதவு திறக்கிறவர் வழித்துவிடுவார். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். சோற்றுக்கடைக்காரி எப்படியும் விடியுமுன்பே எழுந்தாக வேண்டும்.